போலீஸ்காரர் மேல் புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை அடுத்த ஃபீனிக்ஸில் வாழும் ஓர் அக்கா கேட்டிருக்கிறார். சாலைத் தடுப்பில் நிறுத்திய போலீசார் அவருடைய தங்கை மகனை அடித்திருக்கிறார்கள். மறுநாள் காவல் நிலையத்தின் சார்ஜ் ஆபீசுக்குப் போய்ச் சொன்னபோது, “எங்கள் ஆட்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். காவல்துறை தன் ஆட்களைத் தானே விசாரிக்கும் என்றால் அதில் என்ன நியாயம் கிடைக்கும், புகார் கொடுத்துத்தான் என்ன பயன், கொடுத்த பிறகு பையனைத் தொந்தரவு செய்யமாட்டார்களா என்பவை அவருடைய கேள்விகள். டர்பனில் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் இத்தகைய வழக்குகளின் கோப்புகளைத் தயாரிக்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

அக்கா, அந்தச் சார்ஜ் ஆபீசில் உங்களுக்குச் சொன்னது சட்டப்படி தவறு. கடமையில் இருக்கும் போலீஸ்காரர் ஒருவரை அடித்தார் என்ற புகாரை அந்த நிலையமே தீர்த்து மூடிவிட முடியாது. அதை ஐபிட் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சுயேச்சையான காவல் புலனாய்வு இயக்ககத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2011 ஆம் ஆண்டின் சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் உங்கள் சந்தேகத்திலும் பாதி உண்மை இருக்கிறது. இந்த நாட்டில் விசாரணையின் நடுப்பகுதிதான் சுயேச்சையானது. சம்பவம் நடந்த முதல் சில மணி நேரமும், கடைசியில் அந்த ஆளுக்கு என்ன தண்டனை என்று முடிவெடுக்கும் துறை விசாரணையும் பெரும்பாலும் போலீஸ் கையில்தான் இருக்கின்றன. ஆகவே புகார் கொடுப்பவர் இந்த இரண்டு முனைகளையும் விழிப்பாகப் பார்த்துக்கொண்டால்தான் நடுவில் நடக்கும் விசாரணைக்குப் பலன் இருக்கும்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு டர்பனிலேயே ஒரு காரணம் இருக்கிறது. டாக்டர் ஹூசேன் ஹாஃபஜி என்ற 26 வயதுப் பல் மருத்துவர், நிறவெறி அரசின் பாதுகாப்புப் பிரிவுப் போலீசார் பிடித்துச் சென்ற ஒரு நாளுக்குள், 1977 ஆகஸ்ட் 3 அன்று பிரைட்டன் பீச் காவல் நிலைய அறையில் இறந்து கிடந்தார். தன் கால்சட்டையைக் கொண்டே தூக்கிட்டுக்கொண்டார் என்றது போலீஸ். உடலில் எத்தனையோ காயங்கள் இருந்தும், தற்கொலை என்ற கதையையே மரண விசாரணை நடத்திய மேஜிஸ்ட்ரேட் ஏற்றுக்கொண்டார். அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள் என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் சொன்னது 2023 இல், அதாவது 46 ஆண்டு கழித்து. 1971 இல் ஜொஹானஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் தலைமையகத்தின் மாடியிலிருந்து விழுந்து இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோலின் வழக்கிலும் இதே கதைதான். அவர் தானே குதித்தார் என்று 1972 இல் முடிவு செய்யப்பட்டது. அவர் கொல்லப்பட்டார் என்று 2017 இல் நீதிபதி மோத்லே தீர்ப்பளித்தார். சாட்சியைச் சேகரித்தவர்களும், சாட்சி சொன்னவர்களும், சந்தேகத்துக்கு உரியவர்களும் ஒரே துறையின் ஆட்களாக இருந்ததால் அந்தக் குடும்பங்கள் அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

இதை மனத்தில் வைத்துத்தான் 1996 ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், போலீசாரின் தவறுகளை விசாரிக்க ஒரு சுயேச்சையான அமைப்பு இருக்க வேண்டும் என்று 206 ஆம் பிரிவில் எழுதி வைத்தது. 1997 முதல் செயல்பட்ட பழைய புகார் இயக்ககத்துக்கு, தன் பரிந்துரைகளைக் காவல்துறை ஏற்கும்படி செய்யும் பலம் இல்லை. அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ஐபிட் சட்டம்; அது 2012 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தின் பெரிய மாற்றம், காவல்துறைமேல் கடமைகளைச் சுமத்தி, அவற்றை மீறினால் குற்றம் என்று ஆக்கியது.

ஐபிட் கட்டாயம் விசாரிக்க வேண்டியவை எவை என்று அந்தச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு சொல்கிறது. காவலில் நேரும் மரணம், போலீஸ் நடவடிக்கையால் நேரும் மரணம், அரசுத் துப்பாக்கியால் சுட்டது பற்றிய புகார், கடமையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போலீஸ்காரர் செய்த வன்புணர்ச்சி, காவலில் இருப்பவர்மேல் யார் செய்த வன்புணர்ச்சியும், கடமையின்போது செய்த சித்திரவதை அல்லது தாக்குதல், பிறகு லஞ்ச ஊழல். உங்கள் பையனின் விஷயம் இதில் தாக்குதல் என்ற தலைப்பில் வருகிறது. தென்னாப்பிரிக்கக் காவல் சேவைக்கு மட்டுமல்ல, டர்பன் மாநகராட்சியான எத்தெக்வினியின் மெட்ரோ போலீசுக்கும் இதே சட்டம்தான். ஆனால் நம் பகுதிகளில் இரவில் சுற்றும் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களின் ஆட்களுக்கு இது பொருந்தாது. கறுப்புச் சீருடையும் துப்பாக்கியும் பார்த்துவிட்டுப் போலீஸ் என்று எண்ணி ஐபிட்டுக்கு எழுதிக் காலத்தை இழந்தவர்கள் உண்டு. அவர்கள்மேல் சாதாரணக் குற்ற வழக்கைப் போலீசிடமே பதிவு செய்துவிட்டு, தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கும் எழுத வேண்டும். ஆகையால் அடித்தவர் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடுகிறேன். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நான் கேட்ட மனக்குறைகளில் பெரும்பாலானவை அடி உதை பற்றியவை அல்ல. கூப்பிட்டால் வேன் வருவதில்லை, கேஸ் எழுத மறுக்கிறார்கள், டாக்கெட் என்ற வழக்குக் கோப்பு காணாமல் போய்விட்டது, துப்பறிவாளர் போன் எடுப்பதில்லை என்பவையே அதிகம். இவற்றைப் பழைய இயக்ககம் விசாரித்தது. புதிய சட்டம் இவற்றை ஐபிட்டின் வேலையிலிருந்து எடுத்துவிட்டது. இவை முதலில் ஸ்டேஷன் கமாண்டருக்கும், பிறகு மாகாண ஆணையர் அலுவலகத்துக்கும், பதில் இல்லையென்றால் காவல்துறைக்கான குடிமைச் செயலகத்துக்கும் போக வேண்டியவை. ஐபிட்டுக்கு இத்தகைய புகாரை அனுப்பினால் அவர்கள் அதைக் காவல்துறைக்கே திருப்பி அனுப்புவார்கள். அப்போது மக்கள், பாருங்கள், எல்லாரும் ஒரே கூட்டம் என்று மனம் வெறுத்துப் போகிறார்கள். அது கூட்டுச் சதி அல்ல, புகார் தவறான வாசலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி முதல் முனைக்கு வருகிறேன். 28 ஆம் பிரிவில் வரும் மரணம், துப்பாக்கிச் சூடு, வன்புணர்ச்சி, தாக்குதல் போன்ற எது நடந்ததாகத் தெரியவந்தாலும், ஸ்டேஷன் கமாண்டரோ தெரிந்துகொண்ட எந்தக் காவலரோ உடனே ஐபிட்டுக்குச் சொல்ல வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் எழுத்திலும் அறிக்கை அனுப்ப வேண்டும். இது 29 ஆம் பிரிவு. செய்யத் தவறினால் அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை என்று 33 ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, உங்களைத் திருப்பி அனுப்பியவர் முரட்டுத்தனமாகப் பேசியதோடு நிற்கவில்லை. தானே ஒரு குற்றத்துக்கு உட்படக்கூடிய நிலையில் தன்னை வைத்துக்கொண்டார். ஐபிட்டுக்கு எழுதும்போது அந்த நாள், அந்த நேரம், கவுன்டரில் இருந்தவரின் பெயர் அல்லது அடையாளம், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். அடித்ததும், புகாரை மறைத்ததும் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள்.

முதல் சில மணி நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மரிக்கானா என்ற சுரங்க ஊரில் நடந்ததே போதும். 2012 ஆகஸ்ட் 16 அன்று சுரங்கத் தொழிலாளர்கள் 34 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பின்னர் நடந்த ஃபார்லம் ஆணைய விசாரணையில், ஒரே உடலைக் காட்டும் இரண்டு புகைப்படங்கள் வெளிவந்தன. முன்னதாக எடுத்த படத்தில் இல்லாத ஆயுதம், பின்னர் எடுத்த படத்தில் உடலுக்குப் பக்கத்தில் கிடந்தது. விசாரிப்பவர்கள் வந்து சேர்வதற்கு முன் இடத்தைக் காவல் காப்பவர்கள் யாரோ, அவர்களுக்கு அந்த இடத்தின்மேல் எவ்வளவு பெரிய அதிகாரம் இருக்கிறது என்று அன்று நாடே பார்த்தது. குவாசூலு-நட்டால் மாகாணம் முழுவதுக்கும் ஐபிட் புலனாய்வாளர்கள் சிலரே இருக்கிறார்கள். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 1,80,000 பேர் கொண்ட காவல் சேவைக்கு எதிரே ஓரிரு நூறு புலனாய்வாளர்களே நிற்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் இடம் கலைந்துவிடும், காயம் ஆறிவிடும், கேமராப் பதிவு அழிந்துவிடும்.

ஒன்றுக்கொன்று எதிராக முடிந்த இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைப் பாதுகாக்க வேண்டும் என்பது விளங்கும். 2011 ஏப்ரலில் ஃபிக்ஸ்பர்க் நகரில் தண்ணீர் முதலிய சேவைகளுக்காக நடந்த போராட்டத்தில் ஆண்ட்ரீஸ் தத்தானே என்பவரைப் போலீசார் அடித்துச் சுட்டார்கள், அவர் இறந்தார். அதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்ட ஏழு போலீசாரும் 2013 இல் விடுதலையானார்கள். தலைக்கவசம் அணிந்த கூட்டத்தில் எந்தக் கை எவருடையது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க முடியவில்லை. 2013 பிப்ரவரியில் டேவிட்டன் நகரில் மொசாம்பிக்கைச் சேர்ந்த மீடோ மாசியா என்ற டாக்சி ஓட்டுநரைப் போலீஸ் வேனுக்குப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றார்கள். அவர் காவல் அறையில் இறந்தார். தெருவில் நின்றவர் போனில் எடுத்த காட்சி இருந்தது. எந்த வேன், எந்த நிலையத்துக்குப் போனது, அன்று யார் யார் பணியில் இருந்தார்கள் என்பதும் உறுதிப்பட்டது. எட்டுப் போலீசார் 2015 இல் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி ஆளுக்கு 15 ஆண்டு சிறை பெற்றார்கள். இரண்டிலும் காட்சிப் பதிவு இருந்தது. ஆட்களை அடையாளம் காண முடிந்ததா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

எனவே பையனை உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள். வேன் எண் பாதியாவது நினைவிருக்கிறதா? காவல் சேவை வண்டிகளின் எண் பி என்ற எழுத்தில் முடியும்; மெட்ரோ போலீஸ் வண்டியானால் நகராட்சியின் அடையாளம் பக்கவாட்டில் இருக்கும். மார்பில் பெயர்ப் பட்டை இருந்ததா, தோளில் என்ன பட்டம், ஒருவரையொருவர் எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள்? சாலைத் தடுப்பு பெட்ரோல் பங்கு அருகிலா, கடை வாசலிலா? அங்கே கேமரா இருந்தால் இன்றே போய்க் கடைக்காரரிடம் பதிவை எடுத்துவைக்கும்படி கேளுங்கள். பெரும்பாலான கருவிகள் சில வாரத்தில் பழைய பதிவின்மேலேயே புதியதைப் பதிந்துவிடும். அதோடு, காவல்துறை தானே எழுதி வைக்கும் ஏடுகள் இருக்கின்றன. நிலையத்தின் நிகழ்வுப் பதிவேடு, கைது செய்து வைத்திருந்தால் காவல் அறைப் பதிவேடு, ஒவ்வொரு காவலரும் வைத்திருக்கும் பாக்கெட் புத்தகம். இவற்றை நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் ஐபிட் கேட்டு வாங்கலாம். எந்த இரவு, எந்த மணிக்கு என்று நீங்கள் துல்லியமாக எழுதினால்தான் எந்தப் பக்கத்தைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஜே 88 என்ற மருத்துவப் படிவம். காயத்தை நீதிமன்றம் காண்பது இதன் வழியாகத்தான். அதில் மனித உடலின் முன்புறமும் பின்புறமும் கோட்டுப் படமாக அச்சிட்டிருக்கும். மருத்துவர் ஒவ்வொரு காயத்தையும் அதில் குறித்து, நீள அகலம், நிறம், எதனால் ஏற்பட்டிருக்கக்கூடும் என்று எழுதி ஒப்பமிட வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கோப்பு எனக்கு மறக்கவில்லை. இளைஞனின் முதுகில் ரப்பர் குண்டாந்தடியின் அச்சு இரட்டைக் கோடுகளாகப் பதிந்திருந்ததை அவன் தாய் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். இரண்டு கோடுகளுக்கு இடையில் தோல் வெளிறியிருந்தது; தடியால் அடித்தால் விழும் காயம் அப்படித்தான் இருக்கும் என்பது தடயவியல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவசரப் பிரிவில் இரவு முழுவதும் விழித்திருந்த மருத்துவர் ஜே 88 இல் ‘முதுகில் சிராய்ப்புகள்’ என்று மட்டும் எழுதி, படத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தார். அவன் ஓடும்போது விழுந்தான் என்ற போலீசின் வாக்குமூலத்துக்கு அந்த ஒரு வரி இடம் கொடுத்தது. தாய் எடுத்த படம் இல்லாதிருந்தால் அந்த வழக்கு அத்தோடு முடிந்திருக்கும். ஆகையால் மருத்துவரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டி, ஒவ்வொரு காயத்தையும் தனித்தனியாக எழுதும்படி மரியாதையோடு கேளுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வைத்து நீங்களும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயத்தின் நிறம் மாறும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் எடுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? அந்தச் சார்ஜ் ஆபீசுக்கே போக வேண்டும் என்பதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் தாக்குதல் வழக்கைப் பதிவு செய்து சிஏஎஸ் எண் வாங்கலாம். ஐபிட்டின் மாகாண அலுவலகம் டர்பனிலேயே இருப்பதால் அங்கே நேரில் போயும் கொடுக்கலாம். அங்கே ஒரு சிசிஎன் எண் கொடுப்பார்கள். இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஒன்று காவல்துறையின் டாக்கெட்டுக்கு, மற்றது ஐபிட்டின் கோப்புக்கு. வாக்குமூலத்தைக் கையெழுத்திடுமுன் முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே கோயிலிலும் கடையிலும் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலம் விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பவர் வேண்டும் என்று கேளுங்கள். விசா பற்றிய அச்சத்தில் விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். மாசியாவும் வெளிநாட்டவர்தான், அவர் சாவுக்குக் காரணமானவர்கள் சிறைக்குப் போவதை அது தடுக்கவில்லை.

சமூகக் காவல் மன்றத்துப் பெரியவர்கள் யாராவது வந்து, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால், நல்ல மனத்தோடுதான் சொல்லுவார்கள். ஆனாலும் ஐபிட் கோப்பு திறக்கும் முன் அப்படிப் பேச வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பேச்சில் பையன் சொல்லும் ஒரு சொல், பின்னால் அவனுக்கு எதிராகவே ஒருவர் வாக்குமூலத்தில் வந்து நிற்கும்.

கோப்பு திறந்த பின் நடப்பது இதுதான். ஐபிட் புலனாய்வாளருக்குக் காவலருக்கு உள்ள அதிகாரங்கள் உண்டு. தேடலாம், கைப்பற்றலாம், கைது செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர்களையும் அடையாள அணிவகுப்புக்கு அழைக்கலாம். கேட்ட 48 மணி நேரத்துக்குள் அதற்கு ஏற்பாடு செய்வது காவல்துறையின் கடமை. ஆனால் குண்டையும் துப்பாக்கியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வகம் ஐபிட்டுக்குச் சொந்தமாக இல்லை.  அந்த ஒப்பீடு காவல்துறையின் ஆய்வகத்திலேயே நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் மனச்சாட்சியோடு வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், வரிசையில் காத்திருக்கும் காலமே வழக்கைத் தளர்த்திவிடுகிறது. சுயேச்சையான விசாரணை என்று சட்டம் சொன்ன பிறகும், அறிவியல் சான்றுக்காகச் சந்தேகத்துக்கு உரிய துறையிடமே போய் நிற்கும் இந்த நிலையை நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். உங்கள் வழக்கில் துப்பாக்கி இல்லாததால் இந்தத் தாமதம் உங்களைத் தொடாது. பிரேதப் பரிசோதனை மட்டும் இன்று சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது. அது நல்ல மாற்றம்.

விசாரணை முடிந்தபின் இரண்டு தாள்கள் இரண்டு திசையில் போகும். குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் டாக்கெட் அரசு வழக்குத் தொடரும் துறைக்குப் போகும். வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இன்னொரு தாள், துறை நடவடிக்கை எடுங்கள் என்ற பரிந்துரை. அது காவல்துறைக்கே போகும். இந்த இரண்டாவது தாளில்தான் நான் சொன்ன கடைசி முனை இருக்கிறது.

ஐபிட்டின் பரிந்துரை வந்த 30 நாளுக்குள் ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்க வேண்டும், அதை அமைச்சருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலவரம் சொல்ல வேண்டும், முடிந்ததும் முடிவை ஐபிட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்று 30 ஆம் பிரிவு ஆணையிடுகிறது. தொடங்க வேண்டும் என்கிறதே தவிர, என்ன முடிவுக்கு வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த விசாரணையில் வாதாடுபவரும் போலீஸ் அதிகாரி, தலைமை தாங்குபவரும் போலீஸ் அதிகாரி. குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பொப்க்ரு அல்லது சாப்பு என்ற போலீஸ் தொழிற்சங்கத்தின் பிரதிநிதி வருவார். அது அவருடைய உரிமை, அதில் தவறில்லை. உங்கள் பையனோ அங்கே வெறும் சாட்சி. அவனுக்காகப் பேச யாரும் இல்லை. கூப்பிட்டால் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். எழுத்து எச்சரிக்கை, இறுதி எச்சரிக்கை, நிறுத்திவைத்த பணிநீக்கம், பணிநீக்கம் என்று தண்டனைகள் பல படியாக இருக்கின்றன. ஐபிட் மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்த கோப்பு ஓர் எழுத்து எச்சரிக்கையோடு முடிந்ததை நான் கண்டிருக்கிறேன். விசாரணை தொடங்குமுன் ஆள் ராஜினாமா செய்ததால் ஒன்றுமே இல்லாமல் போனதையும் கண்டிருக்கிறேன். ராஜினாமா செய்தவர்மேல் துறை நடவடிக்கை ஓடாது. குற்ற வழக்கு மட்டும் தொடரும்.

இதனால்தான், துறை விசாரணையும் குற்ற வழக்கும் வேறு வேறு என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆகவே நீதிமன்றம் விடுதலை செய்தவரையும் துறை நீக்கலாம். நீதிமன்ற முடிவு வரட்டும் என்று துறை காத்திருக்கத் தேவையில்லை. ‘கோர்ட்டில் இருக்கிறது, அதனால் நாங்கள் எதுவும் செய்ய முடியாது’ என்று பதில் வந்தால், அது சரியல்ல என்று எழுத்தில் மறுத்து, பரிந்துரை எந்தத் தேதியில் கிடைத்தது, விசாரணை எந்தத் தேதியில் தொடங்கியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2000 ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்கலாம். இப்படித் தேதி கேட்டு எழுதும் கடிதம் வந்த கோப்பும், யாரும் கேட்காத கோப்பும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

விசாரிக்கும் அமைப்பையே அரசியல்வாதிகள் ஆட்டிவைத்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பார்கள். அந்த ஆபத்து உண்மையானது. ஐபிட்டின் தலைவராக இருந்த ராபர்ட் மெக்பிரைடை 2015 இல் காவல்துறை அமைச்சர் இடைநிறுத்தினார். தலைவரை அமைச்சர் தன் விருப்பப்படி நிறுத்தவோ நீக்கவோ முடியும் என்றால் அந்த அமைப்பு சுயேச்சையானதல்ல என்று 2016 செப்டம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி சட்டம் திருத்தப்பட்டு, இப்போது தலைவரை நீக்க தேசிய சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். நம் மாகாணத்தின் காவல் ஆணையர் ந்லாந்லா ம்க்வானாசி 2025 ஜூலையில் டர்பனில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அரசியல் கொலைகளை விசாரித்த குழுவைக் கலைத்ததில் அமைச்சரின் தலையீடு இருந்தது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டியதும், அதன் விளைவாக மட்லாங்கா ஆணையம் அமைக்கப்பட்டதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். மேல்மட்டத்தில் நடக்கும் இந்தப் போராட்டங்கள் முக்கியமானவை. ஆனாலும் ஃபீனிக்ஸில் அடிபட்ட பையனின் வழக்கு அவற்றால் தானாக நின்றுவிடுவதுமில்லை, தானாக வென்றுவிடுவதுமில்லை.

நட்டஈடு வழக்கு மூன்றாவது வழி. அதற்குக் கெடு மிகக் குறுகியது. காவல் சேவையின் ஆட்கள் செய்ததற்குக் காவல்துறை அமைச்சரைப் பிரதிவாதியாக்கி வழக்குப் போடலாம். 2005 இல் அரசியல் சட்ட நீதிமன்றம், சீருடையில் கடமையில் இருந்த மூன்று போலீசார் வீட்டுக்குக் கொண்டுவிடுவதாகச் சொல்லி ஒரு பெண்ணை ஏற்றிச் சென்று செய்த வன்புணர்ச்சிக்கும் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2002 ஆம் ஆண்டின் 40 ஆம் எண் சட்டப்படி, சம்பவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வழக்கை மூன்று ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். ஐபிட் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டு, பிறகு தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்தில் மன்றாடியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐபிட்டுக்குக் கொடுத்த புகார் இந்த முன்னறிவிப்பு ஆகாது. ஓர் அட்டர்னியிடமோ, பணம் இல்லையென்றால் அரசுச் சட்ட உதவி அலுவலகத்திலோ, பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்திலோ இந்த வாரமே கேளுங்கள்.

அரசுத் தரப்பு வழக்குத் தொடர மறுத்தால் அத்தோடு முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம்; மேலதிகாரி மறுபடி பார்க்கும்படி கோரலாம். நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடர மறுத்ததற்கான சான்றிதழைப் பெற்று, மூன்று மாதத்துக்குள் தனியார் வழக்காக நடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. செலவு அதிகம் என்பதால் இதை யாருக்கும் எளிதாகச் சொல்லமாட்டேன்.

தொந்தரவு செய்யமாட்டார்களா என்று கேட்டீர்கள். செய்யமாட்டார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டுவது தனிக் குற்றம். அதையும் அதே சிசிஎன் எண்ணைக் குறிப்பிட்டு ஐபிட் புலனாய்வாளருக்கு அன்றே எழுத வேண்டும். வீட்டுக்கு யாராவது போலீஸ்காரர் வந்தால் அவர் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; பையனைத் தனியாக வேனில் ஏற்றி அனுப்பாதீர்கள்; எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று கேட்டு, பெரியவர் ஒருவர் பின்னால் போகட்டும். கைது செய்தால், 48 மணி நேரத்துக்குள் அவனை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். தன் விருப்பப்படி ஒரு மருத்துவரை வரவழைத்துக் காண அவனுக்கு அரசியல் சட்டத்தின் 35 ஆம் பிரிவு உரிமை தருகிறது. பையன் வேலைக்குப் போகிறவன் என்றால் முதலாளியிடம் முன்னதாகவே நடந்ததைச் சொல்லி வைப்பது நல்லது; பின்னால் சாட்சி சொல்ல அழைப்பாணை வரும்போது விடுப்புக்குச் சிரமம் இருக்காது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது, பையனை மருத்துவரிடம் அழைத்துப் போய் ஜே 88 வாங்குவது. நாளைக்கு டர்பன் அலுவலகத்துக்குப் போகும்போது அதன் நகல், படங்கள், அவன் கைப்பட எழுதிய நிகழ்வுக் குறிப்பு, சார்ஜ் ஆபீசில் உங்களைத் திருப்பி அனுப்பியது பற்றிய உங்கள் குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எதன் மூலப் பிரதியையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்கியவர் முத்திரையும் தேதியும் உங்கள் நகலில் போட்டுத் தரட்டும்.